அம்முலு மில்லில் பதினைந்தாம் அத்தியாயம்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் உத்திரமேரூரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று 2009-ஆம் வருஷத்து ஆயுத பூசை வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். என் பெயர் முஸ்தபா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கொடுக்கும் கடை, கூடவே இரண்டு பிரவுசிங் கம்ப்யூட்டர். ஆனால் இது என் கதை இல்லை. மாவு மில் வைத்திருந்த அம்முலு அக்காவின் கதை. நடுவில் என் மானம் கொஞ்சம் அடிபட்டது, அவ்வளவுதான்.

அம்முலு அக்கா முப்பது வயசில் அறிவொளி இயக்கத்து வகுப்பில் எழுத்துக் கற்றவர். அதே வகுப்பில் சேர்ந்த பக்கத்துத் தெரு எல்லம்மாள், மாடு கன்று போட்டதென்று மூன்றாம் நாளே நின்றுவிட்டார். அம்முலு அக்கா நிற்கவில்லை. புருஷன் செத்து, மில்லைக் கையில் எடுத்து, பெல்ட் மாட்டவும் கல் கொத்தவும் பழகி, அதற்கு நடுவிலும் பஸ் போர்டு, பொட்டலக் காகிதம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தார். புத்தகம் மட்டும் கைகூடவில்லை. பொடி எழுத்தாக இருந்தால் வரி மாறிப்போய்விடும். அவர் படிக்கத் திணறுவதை ஒருதரம் பார்த்துவிட்ட எல்லம்மாள், "அம்முலுவுக்குப் படிக்கத் தெரியும்னு நம்பறவன் மாடு மேய்க்கக்கூட லாயக்கில்ல" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். பதினைந்து வருஷம் அந்தப் பேச்சு அம்முலு அக்காவைக் குடைந்துகொண்டே இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை மகன் சிவகுமார், புதுசாக ஒன்று வாங்கிக்கொண்டதால், புத்தகம் படிக்கிற தன் பழைய மின்கருவியை, அதாவது இ-ரீடரை, பெரியம்மாவுக்குக் கொடுத்தான். சாம்பல் நிறத்தில் இருந்த அதற்கு மில்லுக்கு வரும் பெண்கள் 'சிலேட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் இணையத்தில் கிடந்த, அட்டையும் ஆசிரியர் பெயரும் இல்லாத ஒரு பழைய நாவலை எடுத்து, எழுத்தைப் பெரிசாக்கி, பக்கத்துக்கு எட்டே வரி வருகிற மாதிரி அமைத்து, கேபிள் மாட்டி அதில் ஏற்றிக் கொடுத்தேன். பத்திரிகை வேலைக்கு நடுவில் செய்வதால் வாரத்துக்கு மூன்று அத்தியாயம்தான் முடிந்தது.

அப்போதெல்லாம் காலை பத்து மணிக்குக் கரண்டு போனால் பன்னிரண்டுக்குத்தான் வரும். முன்பு மில்லில் டின்னை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பெண்கள், இப்போது டின் மேலேயே உட்கார்ந்தார்கள். அம்முலு அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படிப்பார். கமலவேணி என்ற பெண்ணின் நிலத்தை, பொய்ப் பத்திரம் எழுதி ஜமீன் கணக்குப்பிள்ளை ஒருவன் பிடுங்கப் பார்க்கிறான். கதை அதுதான். எல்லம்மாளும் கேழ்வரகு டின்னோடு வந்து உட்கார்ந்து, நம்பாத முகத்தோடு கேட்டார். பதினாலாம் அத்தியாயத்தில் கணக்குப்பிள்ளை பத்திரத்தைக் கமலவேணியின் முன்னால் நீட்டினான். அதோடு ஆயுத பூசை வந்துவிட்டது.

விஜயதசமிக்கு மறுநாள், பூசை லீவில் நான் அமைத்து வைத்திருந்ததை, பதினைந்திலிருந்து முடிவு வரைக்கும் ஏற்றிக்கொள்ளலாம் என்று அம்முலு அக்கா சிலேட்டோடு என் கடைக்கு வந்தார். கேபிளை மாட்டினேன். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. வழக்கமாக வருகிற டொய்ங் சத்தமும் இல்லை, திரையில் டிரைவும் இல்லை. கேபிள் உள்ளே போவது கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது, அழுத்தினேன். இறுக்கமாக இருந்தால் அழுத்துவதுதானே நம் வித்தை.

அப்புறம் நான் செய்ததையெல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். முன்பக்க ஓட்டை, பின்பக்க ஓட்டை, எல்லாவற்றிலும் செருகிப் பார்த்தேன். செல்போன் கடையில் நான்கு கேபிள் கடன் வாங்கினேன். காஞ்சிபுரம் போய்ப் புதுசாக ஒன்று வாங்கினேன். வைரஸ் என்று தீர்மானித்து, விண்டோஸையே அழித்து மறுபடி போட்டேன். தனி டிரைவில் இருந்ததால் நாவல் தப்பித்தது, ஆனால் ஒரு மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை அழிந்துபோனது. அந்தப் பெண்ணின் தாய்மாமன் வந்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சிவகுமாருக்குப் போன் போட்டேன். அணைத்துப் போடுங்கள் என்றான். நூறு ரூபாய் டாப்-அப் போட்டு வாங்கிய ஆலோசனை அது. கடைசியில் எல்லாப் பழியையும் மாவு மேல் போட்டேன். மில்லில் வைத்துப் படித்தால் மாவு போகாமல் என்ன செய்யும் என்று கேட்டேன். பிளாஸ்டிக் கவருக்குள்ளே வைத்துத்தான் படிப்பதாக அம்முலு அக்கா சொன்னார். முகம் சுருங்கிவிட்டது. சார்ஜும் ஏறவில்லை. ஆறாம் நாள் பேட்டரி செத்தது. ஆனால் அந்தச் சிலேட்டின் குணம், உயிர் போனாலும் கடைசியாகத் திறந்த பக்கம் திரையில் அப்படியே நிற்கும்.

இதற்கு நடுவில் மில்லுக்குப் போய்வந்த என் மனைவி உம்முல் குல்சும், ராத்திரிச் சாப்பாட்டின்போது கமலவேணியின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தாள். கணக்குப்பிள்ளை நீட்டிய பத்திரத்தை அவளே வாங்கி, ஊர் நடுவில் சத்தமாகப் படித்து, சர்வே நம்பர் தப்பு என்று காட்டிவிட்டாளாம். பதினைந்தாம் அத்தியாயம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் கமலவேணி மயக்கம் போட்டு விழுகிறாள்.

மறுநாள் காலை கரண்டு போவதற்கு முன்பே மில்லுக்குப் போய், இது என்ன அக்கா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"இன்னா பாய் பண்ணச் சொல்ற?" என்றார். "சிலேட்டு ரிப்பேர்னு சொன்னா, எல்லம்மா இன்னா சொல்லுவா? படிக்கத் தெரியல, அதான் சாக்கு சொல்லிக்கினு கீறான்னுவா. இத்தினி நாளு படிச்சதும் பொய்யாப் பூடும். நீ இத்த சரி பண்ற வரைக்கும் நானே எதுனா சொல்லிக்கினு இருக்கேன். சீக்கிரம் பண்ணு பாய்."

அப்படியாக ஒன்பது நாள், கரண்டு போகிற நேரத்துக்கு மட்டும் என்னிடமிருந்து வாங்கிப்போன பழுதான சிலேட்டைக் கையில் பிடித்து, பதினாலாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு, அம்முலு அக்கா கதை சொன்னார். இடையிடையே பட்டனை அமுக்கிப் பக்கம் திருப்புவது மாதிரி நடித்தாராம். எல்லம்மாள்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்ததாக உம்முல் வந்து சொன்னாள்.

பத்தாம் நாள் காலையில் நான் சிலேட்டையும் கடைக் கம்ப்யூட்டரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, டார்ச் லைட்டும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தேன். நாஷ்டா ஆறிப்போகிறது என்று கத்திவிட்டு வந்த உம்முல், சிலேட்டை என் கையிலிருந்து பிடுங்கி மோந்து பார்த்தாள்.

"ஏங்க, இதுல சந்தன வாசனை அடிக்குதே" என்றாள்.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி ஒடித்து, கேபிள் போகிற ஓட்டையில் மெதுவாகச் சுரண்டினாள். மஞ்சளாக, காய்ந்து கட்டியாகிப்போன சந்தனம் பொருக்குப் பொருக்காக வந்தது. கடைசியில் கொஞ்சம் குங்குமமும் வந்தது. கேபிளை மாட்டினேன். டொய்ங் என்றது. ஒன்பது நாள் ஒரு ஊர் நிபுணன் பட்ட பாட்டை ஈர்க்குச்சி ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டது. உம்முல் ஈர்க்குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு இட்லி வைத்தாள். அதுதான் இன்னும் வலித்தது.

முடிவு வரைக்கும் எல்லா அத்தியாயத்தையும் ஏற்றி, கொஞ்சம் சார்ஜும் ஏறவிட்டு, எங்கள் வீட்டுக் கோதுமையையும் தூக்கிக்கொண்டு நானே மில்லுக்குப் போனேன். சந்தனத்தைப் பற்றிக் கேட்டதும் அம்முலு அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பூசையன்றைக்கு எந்த மிஷினுக்கும் கரண்டு உள்ளே போகிற இடத்தில்தான் பொட்டு வைப்பார்கள், மோட்டாருக்கும் அங்கேதான், தராசுக்கு மேலே எரிகிற லைட்டுக்கும் அங்கேதான், சிலேட்டுக்கும் அங்கேதான் வைத்தேன், இது தெரியாமல் என்ன கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

பத்து மணிக்குக் கரண்டு போனது. பெண்கள் டின் மேல் உட்கார்ந்தார்கள். எல்லம்மாள் பக்கத்தில் அவர் மகள் காவியா; ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். ஒன்பது நாள் சொன்னதை எப்படி வழிக்குக் கொண்டுவருவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்முலு அக்கா எதையும் வழிக்குக் கொண்டுவரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொய் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, பதினைந்தாம் அத்தியாயத்தை இருக்கிறபடியே படித்தார். கமலவேணி மயங்கி விழுந்தாள். எங்கிருந்தோ குதிரையில் ஒருவன் வந்தான். அவளைத் தாங்கினான். கணக்குப்பிள்ளையை அவன்தான் அடித்தான்.

மில்லில் முணுமுணுப்பு கிளம்பியது. எல்லம்மாள் டின்னிலிருந்து எழுந்துவிட்டார்.

"இத்தினி நாளு நல்லாப் படிச்சிக்கினு இருந்த" என்றார். "இன்னைக்கு இன்னா சொந்தமா கதை வுடுற? பத்திரம் படிச்சவ எதுக்கு மயக்கம் போடுவா? நான் அப்பவே சொன்னேன், இவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு."

அம்முலு அக்காவின் முகம் செத்துப்போனது. பொய் சொன்ன நாளெல்லாம் படிக்கிறார் என்று நம்பிய ஊர், ஒழுங்காகப் படித்த நாளில் பொய் என்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சிலேட்டைக் காவியாவின் கையில் கொடுத்தார். காவியா அந்த அத்தியாயத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அதே மயக்கம், அதே குதிரை, அதே சொற்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை.

"பெரியம்மா சரியாத்தான் படிச்சிச்சு" என்றாள் தன் அம்மாவிடம்.

எல்லம்மாள் மறுபடி டின் மேல் உட்கார்ந்தார்.

"அப்போ ஒம்போது நாளா அந்தப் பத்திரத்த படிச்சவ யாரு?"

"நான்தான்" என்றார் அம்முலு அக்கா. "சிலேட்டு ரிப்பேர். உன் வாய்க்குப் பயந்து நானா சொன்னேன்."

யாராவது ஏமாற்றுக்காரி என்று திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்து, மில்லின் குண்டு பல்பு எரிந்தது. அம்முலு அக்கா பழக்கத்தில் மோட்டாரைப் போட எழுந்தார். எல்லம்மாள் அவருக்கு முந்திப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அதன் முன்னாலேயே நின்றுகொண்டார்.

"உனக்குப் படிக்கத் தெரியும், ஒத்துக்கறேன். எல்லாருக்கும் கேக்கத்தான் சொல்றேன்" என்றார். "அத்த மூடி வை. குதிரைக்காரன் நமக்கு வாணாம். நேத்து வுட்ட எடத்துலேந்து நம்ம கமலவேணியச் சொல்லு."

அம்முலு அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் வீட்டுக் கோதுமை அன்றைக்கு அரைபடவில்லை.