ஹெல்மெட்டில் வந்த விரால்

"...செத்த விராலை எவனாவது வாங்குவானாடி? கேளு உன் வூட்டுக்காரரை!"

மாமியார் இதைச் சொன்னது என் மனைவியிடம். நான் மூன்றடி தள்ளி, சொட்டச் சொட்ட நனைந்த மழைக்கோட்டோடு, ஹெல்மெட்டுக்குள் மீனை வைத்துக்கொண்டு நிற்கிறேன். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவது அவருக்கு மரியாதைக் குறைவு. மகளிடம்தான் சொல்வார், எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். பள்ளிக்கரணை ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்; விரால் என்றால் உயிரோடு துள்ள வேண்டும் அவருக்கு. பன்னிரண்டு வருஷமாக நான் வாங்கி வந்த மீனில் ஒரு துண்டு தொட்டதில்லை. "எனக்கு ரசம் போதும்" என்பார். அந்த மூன்று வார்த்தைக்குப் பயந்தே மீன்கடையில் ஒவ்வொரு மீனையும் பத்துத் தடவை புரட்டிப் பார்ப்பேன்.

"வாங்கலை அத்தை. ரோட்ல அடிபட்டது" என்றேன்.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் மழையில் சதுப்பு நிலம் நிரம்பி, தாம்பரம் போகிற சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து மீன்கள் ரோட்டில் ஏறின. முழங்கை நீள விரால் ஒன்று பாதி ரோட்டைத் தாண்டிவிட்டது. எனக்கு முன்னால் போன கார் சரியாக அதன் தலைமேல் ஏறியது. ஸ்கூட்டரை ஓரங்கட்டி, கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி ஓடினேன். தலை நசுங்கியிருந்தது, உடம்பில் ஒரு கீறல் கிடையாது. வால் இன்னும் துடித்தது.

பைக்கில் நின்ற ஒருவர், "இன்னாண்ணா, ஹெல்மெட் போடாம கிராஸ் பண்ணிச்சா?" என்றார்.

"இதோ, இப்ப போட்டுக்குது" என்று என் ஹெல்மெட்டைக் கழற்றி அதில் மீனைப் போட்டேன். கால் மணி நேரத்தில் வீடு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தை ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். செவுளைத் தூக்கிப் பார்க்கத் தலை சரியாக இல்லை. கட்டை விரலால் முதுகை அழுத்தினார். குழி விழவில்லை. விரலை முகர்ந்தார். பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

"கல்லுப்பு எடுடி" என்றார்.

வழவழப்புப் போகத் தேய்த்ததும் அவரே, நறுக்கியதும் அவரே, புளி கரைத்ததும் அவரே. மத்தியானம் நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவது போல் பாவனை செய்தபடி அத்தை எடுத்த துண்டுகளை எண்ணினேன். ஒரு துண்டு. இரண்டு. மூன்றாவதை எடுக்கும்போது மகளிடம் சொன்னார்: "கடைக்காரன் ஏமாத்துவான். காரு ஏமாத்தாதுடி."

ரசம் அடுப்பிலேயே ஆறிக் கிடந்தது. எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது.

வெளியே மழை மறுபடி பிடித்தது. கை கழுவிய அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆணியில் தொங்கிய பையை எடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். "வண்டிய எடுங்க மாப்ளே" என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு, படியிறங்கிப் போய், ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.