இந்திராணி கழற்றாத பல்செட்

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

போன மாதம் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என் மனைவி இந்திராணி என்னிடம் சொன்னது இது. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம். பத்து பெரண்டாம் என்கிற ஊரில், பேக்டரியில் நான் வாங்கிய திட்டு முதல் என் மூல வியாதி வரை எல்லாம் தெரிந்தவள். எங்களுக்குள் ஒளிவு மறைவு ஏதும் இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்...

சரி என்று வெளியே வந்து உட்கார்ந்தேன்.

இந்திராணிக்கு மேலும் கீழும் பல்செட். பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டத்தில் பல் வலித்தால் வைத்தியம் ஒன்றுதான் — பிடுங்குவது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நாள் லீவு போட முடியுமா? வந்தது வந்தோம், பக்கத்தில் ஆடுவதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்று தோட்டத்து ஜனங்களே கேட்டு எடுத்துக்கொண்டு வருவார்களாம். இருபத்து மூன்று வயதில் அவள் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட மிச்சமில்லை.

இப்போது கீழ் செட் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு கல்யாண விருந்தில் மசால்வடையைக் கடித்தாள். செட் வடையோடு கிளம்பி வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, பாயசம் வருவதற்குள் என்னை எழுப்பி அழைத்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. சிரிப்பும் குறைந்துவிட்டது. அதனால்தான் வம்பு பண்ணி இந்த கிளினிக்குக் கூட்டி வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் செட் வாய்க்குள் திரும்பியிருந்தது.

டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். கீழ்த் தாடையின் பின்பக்க எலும்பு பென்சில் கனத்துக்கு மெலிந்து கிடந்தது. பல் போன இடத்தில் எலும்புக்கு வேலை இல்லையாம். வேலை இல்லாத எலும்பை உடம்பு மெல்ல மெல்லக் கரைத்துவிடுமாம். ரிட்டயராகி வீட்டில் இருக்கும் எனக்கு இது சட்டென்று புரிந்தது.

"ஆன்ட்டி, தூங்கும்போது செட்டைக் கழட்டி வைக்கிறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

இந்திராணி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் கோபப்படாமல் விளக்கினார். ராவும் பகலும் செட் அழுத்திக்கொண்டே இருந்தால் எலும்பு இன்னும் சீக்கிரம் தேயும். இத்தனை வருடம் ஓய்வே கொடுக்கவில்லை, அதுவும் ஒரு காரணம் என்றார்.

வழி இல்லையா? இருக்கிறது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துத் தாடையில் ஒட்டி, பல மாதம் காத்திருந்து, பிறகு இம்பிளாண்ட் என்ற திருகாணியைப் பதிக்கலாம். ஆனால் இவள் வயதுக்கும் சர்க்கரை வியாதிக்கும் அவ்வளவு பெரிய ஆபரேஷன் தேவையில்லை என்றார். மேல் தாடைக்குக் கன்ன எலும்பில் போய்ப் பிடிக்கிற நீளத் திருகாணி கூட உண்டாம். இவளுக்கு மேல் செட் நன்றாகவே நிற்கிறது, அது வேண்டாம். தாடையின் முன்பக்கம், மோவாய்க்கு மேலே, எலும்பு இன்னும் கெட்டியாக இருக்கிறது. அங்கே இரண்டே இரண்டு இம்பிளாண்ட். மூன்று நான்கு மாதத்தில் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கீழ் செட்டை அதன்மேல் பிரஸ் பட்டன் மாதிரி அழுத்தி மாட்டிக்கொள்ளலாம்.

நான் ஆயிரம் கேள்வி கேட்டேன். மெஷின் பார்த்தவன் புத்தி — திருகாணி என்ன உலோகம், துருப்பிடிக்குமா, லூஸாகுமா... இந்திராணி கேட்டது ஒன்றே ஒன்று. ஆபரேஷன் முடிந்து எத்தனை நாள் செட் இல்லாமல் இருக்க வேண்டும்?

இரண்டு வாரம், தையல் ஆறும்வரை; மேல் செட் தையலை இடிக்கும், அதையும் போடக்கூடாது என்றார் டாக்டர்.

"வேணாம் டாக்டர். இப்படியே இருந்துட்டுப் போறேன்."

எனக்கு வந்ததே கோபம். காரில் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தேன். ஊசிக்கு இவ்வளவு பயமா, உனக்காகத்தானே அலைகிறேன், இனிமேல் கஞ்சி குடித்தே காலத்தை ஓட்டப்போகிறாயா என்று பொரிந்து தள்ளினேன். பாயா ரும்புட் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் அவள் வாய் திறந்தாள்.

"பயமெல்லாம் இல்லைங்க. ரெண்டு வாரம்... தினம் நீங்க என் மூஞ்சிய பார்ப்பீங்கல்ல."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. முப்பத்து மூன்று வருடத்தில் செட் இல்லாத அவள் முகத்தை அவள் எனக்குக் காட்டியதே இல்லை. கழுவுவது பாத்ரூமில், கதவைத் தாழிட்டுக்கொண்டு. கட்டினவன் முன்னால் ஒருநாளும் கழற்றிவிடாதே என்று கல்யாணத்தன்று அம்மா அவள் காதில் சொல்லி அனுப்பினாராம். நானும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது.

மகள் பிறந்தபோது அவசரமாக ஆபரேஷன். மயக்க மருந்துக்கு முன்னால் பல்செட்டைக் கழற்றச் சொல்லி, அதைத் துணியில் சுற்றி ஒரு நர்ஸ் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கையை வைத்தபடியே தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். பிறகு அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பார்த்தேன். கண் விழித்ததும் அவள் கை முதலில் வாய்க்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் நர்ஸிடம் கெஞ்சி, அவளுக்கு நினைவு தெளிந்த உடனே, நான் உள்ளே வருவதற்கு முன்னால், செட்டை அவள் கையில் கொடுக்கச் சொன்னேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

இந்திராணி என் பக்கம் திரும்பினாள்.

"எப்படி இருந்தேன்?"

"பாப்பாவும் நீயும் ஒரே ஜாடைலா. ரெண்டு பேருக்கும் பல்லு இல்ல."

என் தோளில் ஓர் அடி விழுந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. இரண்டும்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் தூங்கும்போதாவது அதைக் கழற்றி வைத்திருப்பாள். தாடைக்கும் ஓய்வு கிடைத்திருக்கும். மனைவியின் மனம் நோகக்கூடாது என்று பெருந்தன்மையாக நான் காத்த மௌனத்துக்கு விலை, எக்ஸ்ரேயில் தெரிந்த அந்தப் பென்சில் எலும்பு. வீட்டுக்கு வீடு இப்படித்தானே... மரியாதை என்று பெயர் வைத்து எத்தனை விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்? உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். யோசித்துப் பாருங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இன்றோடு எட்டு நாள். முதல் நாள் முழுக்க வாயில் துண்டைப் பொத்திக்கொண்டே திரிந்தாள். இரண்டாம் நாள் கஞ்சி குடிக்கத் துண்டு இடைஞ்சலாக இருந்தது, எடுத்தாள். நான் என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவளே கூப்பிட்டு, "பார்த்தா பாருங்களேன், அதுக்கு ஏன் இந்த நடிப்பு" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். கன்னம் ஒட்டி, மோவாய் மேலேறி, உதடு உள்ளே மடிந்து... என் இந்திராணிதான். வேறு யாராக இருக்க முடியும்?

நேற்றுக் காலை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, கையில் ஒரு தட்டு குவே பலகாரம். இந்திராணி பதறிப்போய் ஓடினாள். அறைக்கு அல்ல, பாத்ரூமுக்கும் அல்ல.

முப்பத்து மூன்று வருடம் என்னிடமிருந்து ஒளிந்தவள், நேராக வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.