ஓரத்தில் இருக்கும் சத்தம்

பழைய வீடியோ டேப்பை வாங்கியதும் ஜெனவீவ் முதலில் மோந்துதான் பார்ப்பாள். முன்மூடியை விரலால் தூக்கி, மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு இழுப்பு. ரப்பர் தோட்டத்து வீடுகளிலிருந்து வருபவை ஈரப் பலகை வாசம் அடிக்கும். டவுன் வீட்டு டேப்புகளில் பாச்சை உருண்டை. கடலோரக் கோலா கெடாவிலிருந்து வந்தால் மோக்கவே வேண்டாம். உப்புக் காற்றில் திருகாணி துருவேறி, உள்ளங்கையில் பழுப்புத் தூளாக உதிரும். பூசணம் இருந்தால் முகத்தைத் திருப்பித் தும்முவாள். "இது பிடிவாதக்காரன் லா. விட்டுட்டுப் போங்க. போன் பண்ணாதீங்க, நானே கூப்பிடுறேன்."

கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாட்களில், பாக்கார் ஆராங் வீட்டுக் கூடமே டேப்புகளைக் கணினிக்கு ஏற்றும் பட்டறை. மாதா படத்துக்குக் கீழே டேப் ஓட்டும் மூன்று டெக்குகள். நடுவில் இருப்பதற்கு மேல்மூடியே கிடையாது. டேப் சுற்றுவதை அவள் கண்ணால் பார்த்தாக வேண்டும். அங்கிருந்து ஒரு வயர் தீப்பெட்டி அளவுள்ள கருவிக்கும், அதிலிருந்து கணினிக்கும் போகிறது. டேப் முடியும் வரை எழுந்திருக்கமாட்டாள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். காதில் ஹெட்போன், ஒரு விரல் நிறுத்தும் பொத்தான் மேல். "படத்த நம்பக்கூடாது. டேப்பு சிக்கப் போவுதுன்னா மொத சத்தம்தான் மாறும்."

ஊரார் கல்யாணம், சடங்கு, ஞானஸ்நானம் எல்லாம் அவள் பார்த்தாயிற்று. வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை. பாசாரில் யாரையாவது கண்டு, அவர் இளவயதில் பந்தலில் போட்ட ஆட்டம் நினைவுக்கு வந்துவிட்டால், கத்திரிக்காய்க் குவியல் மேல் குனிந்துகொள்வாள்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள்: டேப் ஓடும்போது உடையவர்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது. "நீங்க மூச்சு விட்டா எனக்குக் கை நடுங்கும்."

மோகனாவுக்காகத்தான் அதை மீறினாள். மோகனா அவளுடன் அதே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். கொண்டுவந்தது ஒரு தோட்டத்துக் கல்யாண டேப். அவளுடைய மாமா காளிதாசன், இரவல் கேமராவில் எடுத்தது. அதில் மோகனாவுக்கு மூன்று வயது. மறு வருஷம் அவள் அம்மா லோகேஸ்வரிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அம்மா எப்படிப் பேசுவாள் என்பது மோகனாவுக்கு ஞாபகம் இல்லை. "அதுல அக்கா பேசுதுடி, எனக்கு நல்லாத் தெரியும்" என்று மாமா அண்மையில் சொல்லப்போய், அவருடைய கோலா கெடா வீட்டு அலமாரியைக் குடைந்து கண்டெடுத்த டேப் அது. டேப் ஓடும் நாளில் தானும் வந்தே தீருவேன் என்று அம்மா கிளம்பிவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஜெனவீவ் வருவதற்குள் இருவரும் வாசலில் நின்றார்கள். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்த லோகேஸ்வரி, நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பல நாள் காயவைத்து, துணியால் துடைத்திருந்தும், டேப் ஓட ஓடக் கரும்பொடி உதிர்ந்தது. படம் நடுங்கி நின்றது. வாழைமரம் கட்டிய பந்தல், சேறு, பிள்ளைகள். பிறகு, இடுப்பில் கை வைத்து நிற்கும் இளம் லோகேஸ்வரி. வாய் அசைந்தது. கேட்டது வெறும் இரைச்சல்.

ஜெனவீவ் நிறுத்தினாள். விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தாள்.

"சத்தம் டேப்போட மேல் ஓரத்துலதான் இருக்கும். ஓரம் சுருண்டு போச்சு, சத்தத்தப் படிக்கிற ஹெட்ல படல. நான் பஞ்சுக் குச்சியால அழுத்திப் பிடிச்சா படும். ஆனா இந்த டேப்பு தாங்காது. அறுந்தா ஹாபிஸ், அவ்ளோதான். இது வரைக்கும் ஓடின படம் கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு, அதுக்குப் பயமில்ல. சத்தத்துக்கும் மிச்சப் படத்துக்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது."

"வேணாங்க்கா" என்றாள் மோகனா. "அப்படியே வச்சிருப்போம். உள்ள இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

லோகேஸ்வரி மேசையைத் தட்டினாள். டெக்கைக் காட்டினாள். அதே விரலால் மகளின் காதைத் தொட்டாள்.

"அக்கா, போச்சுன்னா போனதுதான்" என்றாள் ஜெனவீவ்.

லோகேஸ்வரி இன்னொரு முறை தட்டினாள்.

ஜெனவீவ் ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் கரகரத்தது. டேப்பைப் பின்னுக்குச் சுற்றி, ஓடவிட்டு, வலது கையில் பஞ்சுக் குச்சியுடன் குனிந்தாள். சுழலும் உலோகத்துக்கும் குச்சிக்கும் நடுவே நூல் இடைவெளிதான். மெல்லத் தொட்டாள். இரைச்சல் அடங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். எங்கோ ஆழத்தில் நாதஸ்வரம் கேட்டது. அதன் மேல் ஏறிக்கொண்டு ஒரு குரல்.

"டேய் காளிதாசா, என் மூஞ்சிக்கு நேரா பிடிக்காதடா. போயி பொண்ண எடு லா."

தடித்த குரல். வெட்டவெளியில் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். பின்னாலேயே ஒரு சிரிப்பு.

மோகனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்நேரம் டேப் கீச்சிட்டது. ஓரத்தில் மடிப்பு விழுந்து, அது உருளையை நோக்கி நகர்வதை ஜெனவீவ் கண்டாள். இடது கை விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று. இப்போது நிறுத்தினால் மீதியையாவது காப்பாற்றலாம். நிமிராமல் கண்ணை மட்டும் உயர்த்தினாள். லோகேஸ்வரியின் உதடுகள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. உள்ளங்கையை விரித்து, பொறு என்று காட்டினாள். இன்னும் ஏதோ வர இருக்கிறது, அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெனவீவ் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். குச்சியை அழுத்தினாள். மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"மோகனா, சேத்துல எறங்காதம்மா. அம்மாகிட்ட வா."

மோகனா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

டேப் அறுந்தது. உருளையில் கறுப்பு நாடா சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்ள, டெக் முனகி நின்றது. திரை நீலமானது. 

ஜெனவீவ் இடது கையாலேயே மவுஸை நகர்த்தி, பதிவைச் சேமித்தாள். ஒலிக்கோட்டில் அந்த இடம் மேடாகத் தெரிந்தது. இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் போட்டாள். அதற்குப் பிறகே மூச்சு வந்தது.

"இருக்கு" என்றாள். "உன் பேரும் இருக்கு."

மோகனா நின்றபடியே அழுதாள். ஜெனவீவ் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தாள். அவளுடைய வலது கை இன்னும் டெக்கின் மேலேயே நின்றது. விரல்கள் பஞ்சுக் குச்சியோடு இறுகிப் போயிருந்தன. லோகேஸ்வரி அதைக் கவனித்துவிட்டு, நாற்காலியை நகர்த்தி அருகில் வந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.