லீமா அழித்த டிஸ்க்

கடியப்பட்டணத்தில் லீமாவின் வீடியோ கடைக்கு அடுத்த கடை என்னுடையது. அவளுக்கு வாய்க்கு முன்னால் கை போய்விடும். கல்யாண வீடியோவில் குறை சொன்ன ஒருவனைக் கேமரா ஸ்டாண்டாலேயே அடித்து ரோட்டுக்குத் துரத்தியதைப் பார்த்திருக்கிறேன். அவளிடம் வேலை பார்த்த பிரைட்டனும் கன்னத்தில் வாங்கிக்கொண்டுதான் வேலையை விட்டு நின்றான்.

அவள் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ் என்ற சிஸ்டம். போட்டவுடன் எந்த டிஸ்க் முதலில் அகப்படுகிறதோ அதற்கு எஸ்டிஏ, அடுத்ததற்கு எஸ்டிபி என்று அது பெயர் வைத்துக்கொண்டே போகும். பிரைட்டன் இருந்த காலத்தில் திருவிழாப் படங்கள் எஸ்டிபியில் இருந்தன. அவன் போன பிறகு புது டிஸ்க் ஒன்று சேர்த்தாள். அது முந்திக்கொண்டு எஸ்டிபி ஆனது, பழையது எஸ்டிசி ஆனது. இந்த வரிசையை நம்பிப் பிழைக்க முடியாது என்று திட்டிக்கொண்டே, பழையதற்குத் 'திருவிழா', புதியதற்கு 'வீடு' என்று தானே பெயரிட்டாள். எந்த வரிசையில் வந்தாலும் அந்தப் பெயரைப் பார்த்தே கம்ப்யூட்டர் எடுக்கும்படி எழுதிவைத்தாள்.

'வீடு' முழுக்க அவள் தம்பி மரியஜான்தான். அவன் கல்யாணம், பிள்ளையின் ஞானஸ்நானம், வள்ளத்தில் நின்று பாடியது. வேறெங்கும் நகல் கிடையாது.

2010 தேர்ப்பவனி அன்று வலைத் தகராறில் பிரைட்டன் துடுப்பை எடுத்தான். இரண்டாவது அடியில் மரியஜானின் மண்டை பிளந்தது. விழுந்தவனை மறுபடியும் அடித்தான். மாடியில் தேரைப் பிடிக்க வைத்திருந்த லீமாவின் கேமரா அவ்வளவையும் பிடித்துவிட்டது. அந்தப் படமும் 'திருவிழா' டிஸ்க்கில் ஏறியது.

அடக்கம் முடிந்ததும் போலீசுக்கு சிடி போடக் கடையைத் திறந்தாள். தலைமறைவாக இருந்த பிரைட்டனும் இன்னும் இரண்டு பேரும் நுழைந்து ஷட்டரை உள்ளிருந்து இழுத்துவிட்டார்கள். தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார்கள். பல் உடைந்து கீபோர்டில் ரத்தம் கொட்டியது. டிஸ்க்கை உடைத்தால் சந்தேகம் வரும், அழித்தால் கெட்டுப்போனதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது பிரைட்டனின் கணக்கு.

வெட்டுகத்தியைக் கழுத்தில் வைத்து அவன் சொன்னான்: "எஸ்டிபிய அழி. இல்லேன்னா உனக்க தம்பிக்க கூடவே நீயும் போவ."

எஸ்டிபி இப்போது எது என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"நான் அடிக்கேன். கத்திய எடுலே," என்றாள்.

அழிக்கும் கட்டளையைத் தன் கையாலேயே கீபோர்டில் அடித்தாள். 'வீடு' காலியாகும்வரை, அது எதுவென்று தெரியாமலே அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். போகும்போது வயிற்றில் ஒரு உதை விட்டுப் போனான். இதெல்லாம் லீமா பிறகு என்னிடம் சொன்னது. அந்த நாயை நினைத்தால் எனக்கு இன்னும் கை துடிக்கிறது.

'திருவிழா' டிஸ்க் கோர்ட்டுக்குப் போனது. பிரைட்டனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

மரியஜானின் பிள்ளைக்கு இப்போது விவரம் தெரிகிறது. அப்பா எப்படி நடப்பார் என்று போன வாரம் கேட்டது. போட்டோ காட்டினால் போதவில்லை. மரியஜானின் மனைவி அஜிஷா பிள்ளையைக் கடைக்குக் கூட்டி வந்தாள்.

"மைனி, அவரு சிரிக்க எடம் வரைக்கும் போடுங்க," என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

தம்பி நடமாடும் படம் என்று லீமாவிடம் இருந்தது, கோர்ட்டுக்குப் போன அந்தத் தேர்ப்பவனிப் படத்தின் நகல் மட்டும்தான். விரலை நிறுத்தும் பட்டன் மேலேயே வைத்துக்கொண்டு ஓடவிட்டாள். தேருக்கு முன்னால் மரியஜான் நடந்து வந்தான், யாரையோ பார்த்துத் திரும்பிச் சிரித்தான். பின்னால் துடுப்பு உயருமுன் அவள் நிறுத்தினாள்.

பிள்ளை மிச்சத்தையும் போடச் சொன்னது.