வெயிலோடு நகர்ந்த தையல் மெஷின்

தையல்காரம்மாவின் மெஷினுக்கு நான்கு சக்கரங்கள் உண்டு. மின்சார அலுவலகத்தில் உடைந்து கிடந்த நாற்காலி ஒன்றிலிருந்து அவள் கணவர் கழற்றிக்கொண்டு வந்து பொருத்தியவை. கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவராக ஆசைப்பட்டுச் செய்து கொடுத்ததை அவள் எண்ணத் தொடங்கினால் அந்தச் சக்கரங்களோடு எண்ணிக்கை முடிந்துவிடும். அதிலும் ஆசை கொஞ்சம்தான். அவள் லைட் கேட்டாள், அவர் சக்கரம் கொடுத்தார்.

அவர் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பவர். அடுத்தவர் எரிக்கும் கரண்டைப் படித்துப் படித்து, ஊரே தன் பையிலிருந்துதான் எரிக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டது மனிதருக்கு. அவர் வீட்டில் ஒரு அறையில் லைட் எரிந்தால் மற்ற அறைகள் இருட்டாக இருக்க வேண்டும். தையல் மூலைக்கு ஒரு லைட் போட்டுக் கொடுங்கள் என்றால், "சூரியன் சும்மாதானே எரியுது, அதுகிட்ட போ" என்பார்.

போனாள். காலையில் சமையலறை ஜன்னல், பத்து மணிக்கு மேல் கூடம், மத்தியானம் படுக்கையறை, சாயங்காலம் வாசற்படி. ஒரு கவுன் தைத்து முடிப்பதற்குள் மெஷின் வீட்டை ஒரு சுற்று வந்துவிடும். மேகமூட்டம் போட்டால் அன்று அவளுக்கு விடுமுறை. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர் என்று அவர்கள் போகும் சர்ச் சபையில் அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அவள் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவாள், ஏனென்றால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

போன வருஷத்திலிருந்து கண் மங்கத் தொடங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. எதிர்வீட்டு டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் பத்து ஊசிகளில் நூல் கோத்துக் குத்திவைத்துவிட்டுப் போவாள். இது கணவருக்குத் தெரியாது. கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்து, "இது பாதிதாம்மா, மீதி நல்ல வெளிச்சம்" என்றார். அதை அவள் மூன்று நாள் விடாமல் வீட்டில் ஒப்பித்தாள். நான்காம் நாள் அவர், "சரி, அடுத்த மாசம் போட்டுடலாம்" என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. லைட் வரவேண்டிய இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

கடவுள் கொடுத்த பூமியை நாம் குப்பைத்தொட்டி ஆக்கிவிட்டோம், இந்த வருஷம் நம் சபை மாறிக்காட்ட வேண்டும் என்று தொடங்கினார். இனி ஆராதனை முடிந்ததும் காகிதக் கப்பில் டீ கிடையாது, அவரவர் டம்ளர் கொண்டுவர வேண்டும். பக்கத்துத் தெருக்காரர்கள் ஒரே வண்டியில் வரவேண்டும். மூன்று மாதத்தில் ஆளுக்கு மிகக் குறைவாகக் கரண்ட் எரிக்கும் வீடு எதுவோ, அந்த வீட்டாருக்கு மேடையில் மரியாதை.

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு களை இல்லை.

வீடு திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, அந்த லைட் விஷயம்…"

"நீயும்தானே கேட்டுட்டு இருந்த? ஐயாவே சொல்லிட்டாரு. இப்ப போய் லைட் போட்டா பாவம்."

"இருபத்தெட்டு வருஷமா கஞ்சத்தனம்னு இருந்தது, ஒரே பிரசங்கத்துல பக்தி ஆயிடுச்சா?"

அவர் காதில் வாங்கவில்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தலைகால் புரியவில்லை அவருக்கு. கிண்டல் செய்தவர்களெல்லாம் டம்ளரும் கையுமாகச் சுற்றி நின்று யோசனை கேட்டார்கள். ஒரு பேங்க் மேனேஜர் வீட்டில் பச்சைத் தண்ணீரில் குளித்துத் தும்மிக்கொண்டே போட்டி போட்டார்கள், பாவம். மீட்டர்காரர் வீட்டு யூனிட்டில் இரண்டு மடங்குக்குக் கீழே அவர்களால் இறங்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து இருவரையும் மேடைக்கு அழைத்தார்கள். மாலை இல்லை, பொன்னாடை இல்லை. வெயிலில் வைத்தால் தானாகச் சார்ஜ் ஏறும் சோலார் விளக்கு ஒன்று. பெரியது, வளைகிற கழுத்து வைத்தது. பார்த்ததுமே அவள் மனசுக்குள் அதைத் தன் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அவருக்குக் கரண்ட் செலவில்லை, அவளுக்கு வெளிச்சம். கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்கு அவள் நிஜமாகவே நம்பினாள்.

மீட்டர்காரர் மைக்கைப் பிடித்தார். "எங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? எங்களுக்கு இருட்டு பழகிடுச்சு. ஆராதனையில பாட்டுக்காரங்க ஏறுற மாடிப்படியில வெச்சுக்கோங்க. சபைக்கே கொடுத்துடறேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. போதகர் நெகிழ்ந்துபோய், "அம்மாவும் ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் வாழ்க்கையில் மைக்கைத் தொட்டதில்லை. வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். கோபத்தில்தான்.

"ஐயா, நீங்க போட்டிருக்கிற அங்கி நான் தெச்சது. இடது கையை மத்தியானம் எங்க படுக்கையறையில தெச்சேன். வலது கைக்கு வரும்போது அங்க வெயில் போயிடுச்சு. வாசலுக்குத் தள்ளிட்டுப் போய்த் தெச்சேன், அங்கயும் இருட்டிடுச்சு. அந்த வலது கை அரை அங்குலம் நீளம். ஒவ்வொரு வாரமும் நீங்க ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கும்போது நான் கண்ணை இறுக்கி மூடிக்குவேன். பக்தின்னு நெனச்சிருப்பீங்க."

போதகர் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். சபையே எட்டிப் பார்த்தது. பாட்டுக்காரர்கள் வரிசையில் முதலில் ஒரு சிரிப்பு வெடித்து, பின்பெஞ்சு வரை ஓடியது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"கரண்டு மிச்சம் பிடிச்சது இவர் இல்லீங்க. என் கண்ணு. இப்ப எனக்கு ஊசியில நூல் கோத்துத் தர்றது எதிர்வீட்டு டீச்சர்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. போதகர் நீளமான கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டு, "வீணாக்காதீங்கன்னுதாம்மா சொன்னோம். வேணுங்கிறதை அணைக்கச் சொல்லலையே" என்றார். சொன்னது அவளிடம், பார்த்தது மீட்டர்காரரை.

மறுநாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வரும்போது கையில் ஒயரும் ஹோல்டரும் ஒரு பல்பும் இருந்தன. உடுப்புகூட மாற்றாமல் ஸ்டூலில் ஏறி, சாக்கட்டி வட்டத்திலேயே ஆணி அடித்தார். "ஒன்பது வாட்டுதான்" என்று சுவரிடம் சொன்னார். சுவிட்சைப் போட்டார்.

பளிச்சென்று விழுந்த வெளிச்சத்தில் அவள் முதலில் பார்த்தது மெஷினை அல்ல, அவர் சட்டையை. நீல நிற வேலைச் சட்டை. அதன் பையைச் சுற்றிக் கிளிப்பச்சை நூலில் தையல் ஓடியிருந்தது.

"இது நானா தெச்சேன்?"

"வேற யாரு? போன மழைக்காலத்துல பை கிழிஞ்சுதுன்னு கொடுத்தேனே."

"இதைப் போட்டுக்கிட்டா அத்தனை வீட்டுக்கும் போனீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா பிரிச்சு மறுபடியும் தைப்ப. நூல் வீண்."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு நூல் நிறம்கூடத் தெரியலைன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்."

அவர் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார். அவளுக்குச் சுரீரென்றது. கண் இவ்வளவு மோசம் என்று தெரியாமல்தான் செய்கிறார் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை நாளும் அவரை மன்னித்து வைத்திருந்தாள். தெரிந்தும் இருந்திருக்கிறார். மனிதர் அதைச் சட்டைப்பையிலேயே ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார் என்பதும் கூடவே உறைத்தது. அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கழட்டுங்க" என்றாள்.

கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றார். அவள் பச்சை நூலைப் பிரித்தெடுத்தாள். நீல நூலை வெட்டி, ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். மூன்றாவது தடவையில் நூல் உள்ளே போனது. பழக்கதோஷத்தில் சுவிட்ச் பக்கம் போன கையை அவர் பாதியில் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது அவர் கையில் இன்னும் இரண்டு சட்டைகள் இருந்தன. ஒன்றில் சிவப்பு நூல், இன்னொன்றில் மஞ்சள்.

"இதுவும்" என்றார்.