கம்பெனி வாடை

எங்கள் தெருவில் வாடை வந்தால் யாரும் பதற மாட்டோம். திருவொற்றியூருக்கு மேற்கே முழுக்க ரசாயனக் கம்பெனிதான். வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம். கதவுக்கு அடியில் ஈரத் துணியைத் திணிப்போம். கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

அன்று மதியம் எனக்குத்தான் முதலில் வந்தது. காஸ் வாடை. வீட்டில் நானும் மகளும் அவள் குழந்தையும். பிறந்து இருபது நாள் ஆன குழந்தை. மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன்.

"நைனா, கொயந்திக்கு சுடுதண்ணி வெக்கணும்" என்றாள் மகள் உள்ளறையிலிருந்து.

"இரு. கம்பெனிக்காரன் காஸ உட்டுகினு கீறான். அடங்கட்டும்."

அடுப்பு மேடையில் இருந்த தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கதவை இழுத்துச் சாத்தி, அடியில் ஈரத் துண்டைத் திணித்தேன்.

மாடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எதிர் வீட்டில் சொன்னார். கால் மணி நேரத்தில் தெரு முழுக்க ஜன்னல் சாத்தியாயிற்று. சொன்ன பிறகு எல்லோருக்கும் வாடை வந்தது. ஒருத்திக்குக் கண் எரிந்தது. மாடி வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டார். தங்களிடம் எதுவும் கசியவில்லை என்று சொன்னார்களாம்.

"என்னிக்கு ஒத்துகினான், இன்னிக்கு ஒத்துக்க?" என்றார் அவர்.

பீடியை எடுத்தேன். வாடையை நினைத்துப் பற்றவைக்கவில்லை.

தெருமுனையில் மீன் விற்கிற அம்மா மட்டும் இடத்தை விட்டு எழவில்லை. தலைக்கு மேல் கட்டியிருந்த படுதாவைப் பார்த்தார். அது மேற்குப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா மாமு, காத்து கடல்லேர்ந்து வந்துகினு கீது. கம்பெனி அந்தாண்ட கீது. கடலா காஸ் உடுது?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் சிலிண்டர் மாற்றியது நான்.

திரும்பி நடந்தேன். தெருவில் வாடையே இல்லை. என் வாசலில் துண்டை இழுத்துக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. மகள் அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். அடுப்பில் தண்ணீர்க் குண்டான்.

"தீப்பெட்டி எங்க நைனா வெச்ச?"

ரெகுலேட்டரை மூடினேன். குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, எதிர் வீட்டுக்குப் போகச் சொன்னேன். ஜன்னல்களைத் திறந்தேன். வாடை போன பிறகு பார்த்தால், சிலிண்டர் வாயில் இருந்த ரப்பர் வாஷர் பிய்ந்திருந்தது. காலையில் அதைப் பார்க்காமலே மாட்டியிருக்கிறேன்.

மனைவி வந்ததும் சொன்னேன். அவள் திட்டவில்லை. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, பொழுது சாயும் வரை கீழே விடவில்லை.

தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மாடி வீட்டுக்காரர் கம்பெனி மேல் மனு எழுதிக்கொண்டு வந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் போகும்வரை மனைவி காத்திருந்தாள்.

"நேத்து கம்பெனிக்காரன் காஸ் உடலியே."

"மத்த நாளுக்குப் போட்டேன்" என்றேன்.

இப்போதும் வாடை வருகிறது. தெரு ஜன்னலைச் சாத்துகிறது. நான் முதலில் குனிந்து சிலிண்டரை மோந்து பார்க்கிறேன். பிறகுதான் சாத்துகிறேன்.