ஹார்ன் அடிக்கும் பிரேக்

04.07.2025 – ரூ. 219
12.07.2025 – ரூ. 189
29.07.2025 – ரூ. 249

ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் உதிரிபாகங்களைச் சோதித்து, பாதியைத் திருப்பி அனுப்பியே பெயர் வாங்கியவர் பாஸ்கரன். ஓய்வு பெற்றுத் திருமுல்லைவாயிலில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. அவருடைய மின்சார சைக்கிளின் பிரேக் கைப்பிடி உடைந்தது. கடையில் எண்ணூறு ரூபாய். போனில் தேடினால் கால்வாசி விலை. மேலே உள்ள மூன்று தொகையும் அந்தக் கைப்பிடிக்குப் போனவை.

முதலில் வந்த ஜோடியில் இரண்டுமே இடது கைக்கானவை. அடுத்து வந்தது குழந்தைகளின் மூன்று சக்கர வண்டிக்கு உரியது. மூன்றாவது கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பிரேக் பிடித்தால் ஹார்ன் அடித்தது.

"போன்லயே திருப்பி அனுப்பப் பொத்தான் இருக்குல்ல, அமுக்குங்களேன்" என்றாள் மனைவி லோகநாயகி.

"பொத்தான் ஆவணமாகுமா? நிராகரிப்புச் சீட்டு மூணு நகல் தபால்ல அனுப்பியிருக்கேன். கடைக்காரன் கையெழுத்துப் போட்டு ஒண்ணு திரும்பி வரணும். அதுவரைக்கும் பொருள் வாசலைத் தாண்டாது."

அவர் வேலை பார்த்த இடத்தில் அதுதான் முறை. போனில் விற்கும் கடைக்காரனுக்கோ ஏழு நாள்தான் கெடு. மூன்று தடவையும் கெடு போயிற்று. கைப்பிடிகள் சிவப்பு நூலில் சீட்டு கட்டப்பட்டு அலமாரியில் ஏறின.

ஆடி கடைசி வெள்ளிக்குத் திருவேற்காடு போவதாக லோகநாயகி வேண்டிக்கொண்டிருந்தாள். ஷேர் வேனில் நசுங்க மாட்டாளாம்; சைக்கிள் பின்சீட்டில்தான் போவாளாம். "வெள்ளிக்கிழமை வண்டி ஓடலைன்னா சனிக்கிழமை பழைய இரும்புக்குப் போட்டுருவேன்." சொன்னால் செய்வாள். அவருடைய ஸ்கூட்டர் அப்படித்தான் போயிற்று.

வியாழன் மாலை மெக்கானிக் யூசுப் வந்து, ஹார்ன் கைப்பிடியை மாட்டி ஒரு பிடி பிடித்தார். பாம்!

"இன்னா நைனா, சோக்கா கீது! பிரேக்கும் புடிக்குது, ஹார்னும் அடிக்குது. ஒரே காசுக்கு ரெண்டு வேலை."

"அது நிராகரிச்ச பொருள்பா. வயரை மாத்திப் பாரேன்."

"ஒட்டி மூடிக்கீறான். பிரிச்சா புட்டுக்கும். இத்தோட ஓட்டு. இல்லாங்காட்டி இரும்புக்கடைக்கு நானே தள்ளிகினு போறேன்."

பாஸ்கரன் ஒரு டம்ளர் காபி தீரும்வரை யோசித்தார். தொழிற்சாலையில் அவசரத்துக்குக் குறையுள்ள பொருளையும் உபயோகிப்பவர் கையெழுத்தின் பேரில் தற்காலிகமாக அனுமதிப்பதுண்டு. படிவம் எழுதினார். உபயோகிப்பவர்: லோகநாயகி, பின்சீட்டு. குறை: சத்தம். அவள் படித்துப் பார்க்காமலே மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் திருவேற்காட்டுச் சாலையில் கூழ் ஊற்றும் கூட்டம், மாடு, ஆட்டோ. எதைக் கண்டாலும் பிரேக் பிடிப்பவர் பாஸ்கரன். பாம், பாம், பாம்! கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பேருந்தே ஒதுங்கியது.

"யோவ் பெர்சு, ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்தினார் ஓர் ஆட்டோக்காரர்.

"ஊட்டுக்காரியே பின்னாடிதான்டா உக்காந்திருக்கேன், ஒதுங்கு!" என்றாள் லோகநாயகி. வீடு திரும்பியதும் கைப்பிடியைத் தடவிக் கொடுத்தாள். "ஊரே இன்னைக்குத்தான் நமக்கு வழி விட்டிருக்கு. இதைக் கழட்டிப் பாருங்க, அப்புறம் இருக்கு."

செவ்வாய்க்கிழமை பதிவுத் தபால் வந்தது. மூன்றாவது சீட்டின் நகலில் கடைக்காரன் கையெழுத்தும் சீலும்! 'நிராகரிப்பு ஏற்கப்பட்டது. இக்கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் பொருளை அனுப்பினால் முழுப்பணம்.' பாஸ்கரன் அந்த சீலை மூன்று தரம் தடவிப் பார்த்தார். பிறகு தேதி முத்திரையை எடுத்தார். மைப்பெட்டியைக் காணோம்.

"லோகா, மைப்பெட்டி எங்கே?"

"எனக்கென்ன தெரியும்? முத்திரை குத்தாத கடிதம் வந்த கணக்கில் சேராதுன்னு நீங்கதானே சொல்வீங்க." சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தவளின் கட்டைவிரல் ஊதா நிறத்தில் இருந்தது.

வெளியே சைக்கிள் நின்றது. தேதி போடாமல் ஒரு காகிதத்தையும் அவர் உள்ளே வைத்ததில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார். பென்சிலில் எழுதியது எதுவும் செல்லாது என்று பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர், பென்சிலை எடுத்து, பதிவேட்டின் ஓரத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவுக்குப் பொடியாக எழுதினார்:

கடைக்காரன் கடிதம் வந்தது, 19.08.2025.